மனம் அடங்குகிறது என்று அவன் சொன்னது பொய்யில்லை

"அது இருந்தாத்தான் அக்கா மனசு அடங்குது" என்று என் சித்தி மகன் சில வருடங்களுக்கு முன் சொன்னபோது, நான் முதலில் செய்த காரியம் அவனைத் திட்டியதுதான். அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனான். அதன் பிறகு ஏறக்குறைய ஓராண்டு கஞ்சாவைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை என்பதையும், அந்த உண்மைக்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதையும் நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவனைப் போன்ற பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி.யை இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கயோனியும் 1964இல் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அது மூளையில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பது 1988 வரை தெரியாமலே இருந்தது. சிபி1 என்ற ஏற்பி, அதாவது நரம்பணுவின் மேல் அது வந்து ஒட்டும் இடம், கண்டறியப்பட்டதும், வெளியிலிருந்து வரும் ஒரு செடிக்காக மூளை எதற்கு ஏற்பி வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. 1992இல் விடை கிடைத்தது: மூளையே அதற்கான பொருளைச் சுரக்கிறது. ஆனந்தம் என்ற சொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். ஒரு நரம்பணு அடுத்ததற்கு ஓயாமல் செய்தி அனுப்பும்போது, பெறுகிற அணு இத்தகைய பொருள்களைச் சுரந்து பின்னோக்கி அனுப்பி, "போதும், குறைத்துக்கொள்" என்கிறது. தேவையான இடத்தில், தேவையான கணத்தில் மட்டும் சுரந்து, வேலை முடிந்ததும் சிதைந்துவிடுகிற மிக நுட்பமான ஏற்பாடு அது. டி.எச்.சி.க்கு அந்த இடமும் கணமும் தெரியாது. சிபி1 இருக்கிற இடங்களிலெல்லாம் ஒரே நேரத்தில் புகுந்து, மணிக்கணக்கில் நீடிக்கிறது.

அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதியில் அந்த ஏற்பிகள் உண்டு. மனம் அடங்குவது அதனால்தான். புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் அவை மிக அடர்த்தியாக உண்டு. அதன் விளைவை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ஒரு மாலை, வேலையிடத்தில் நடந்த ஏதோ ஒரு சண்டையைச் சொல்லத் தொடங்கிய என் சித்தி மகன் பாதி வாக்கியத்தில் நின்றான். கை காற்றில் தூக்கியபடியே இருந்தது. "என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்று கேட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் தொடங்கி, மறுபடியும் அதே இடத்தில் நின்றான். மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டில் மட்டும் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. அபின் வகைப் பொருள்களைப் போல அளவு மிஞ்சி மூச்சு நின்றுபோவது கஞ்சாவில் அரிதாக இருப்பதற்குக் காரணம் அதுவே. "இதனால் யாரும் சாவதில்லை" என்ற பேச்சும் அங்கிருந்துதான் பிறக்கிறது. உயிர் போகாது என்பது மனம் கெடாது என்பதற்குச் சான்றாகிவிடாது.

அளவின் விஷயத்தில் இது விசித்திரமான பொருள். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 42 தன்னார்வலர்களை மன அழுத்தம் தரும் நேர்காணலுக்கு உட்படுத்தினார்கள். 7.5 மில்லிகிராம் டி.எச்.சி. உட்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, 12.5 மில்லிகிராம் உட்கொண்டவர்களுக்கு மனநிலை மேலும் மோசமானது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஐந்து மில்லிகிராம்தான். அதை எந்த இளைஞன் அளந்து பார்த்துப் புகைக்கிறான்? அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014இல் சுமார் 12 சதவீதமாகியிருந்தது. "அந்தக் காலத்திலிருந்தே இருக்கிற செடிதானே" என்று பேசுகிறவர்கள் பழைய பெயரைச் சொல்லி வேறொரு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நம்முடைய மனநிலை இந்த ஏற்பிகளை எவ்வளவு நம்பி நிற்கிறது என்பதை எனக்கு உணர்த்தியது கஞ்சாவே அல்ல, ஓர் உடல் எடைக் குறைப்பு மருந்து. சிபி1 ஏற்பியை அடைத்துப் பசியைக் குறைக்கும் ரிமோனபன்ட், ஐரோப்பாவில் 2006இல் அனுமதி பெற்றது. உட்கொண்டவர்களில் பலருக்கு மனச்சோர்வும் சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008இலேயே அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இப்போது தினமும் புகைப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெளியிலிருந்து இடைவிடாமல் தூண்டுதல் வருவதால் மூளை தன் சிபி1 ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. 2012இல் வெளியான மூளைப் படப்பதிவு ஆய்வில் இது தெளிவாகவே தெரிந்தது. ஏற்பிகள் குறைந்த அந்த மூளைக்கு ஒருநாள் கஞ்சா கிடைக்காவிட்டால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் வரிசையாக வருகின்றன. அவனோ அதைத் தன் பழைய மனவேதனை திரும்பிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறான். மறுபடி புகைக்கிறான்; அடங்குகிறது; இதுதான் எனக்கு மருந்து என்று முன்பைவிட உறுதியாக நம்புகிறான். எந்த நோயை ஆற்றுவதாக அவன் நினைத்தானோ அதில் ஒரு பங்கை அந்த மருந்தே உண்டாக்குகிறது என்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரிய வழியே இல்லை. திட்டுவதால் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பதின்பருவத்தில் தொடங்குபவர்களைப் பற்றித்தான் எனக்குப் பெருங்கவலை. மூளையின் முன்பகுதி முதிர்வதற்கு இருபத்தைந்து வயதுவரை ஆகிறது. ஸ்வீடனில் படையில் சேர்க்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளியானது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் வருவது ஆறு மடங்காக இருந்தது. 2019இல் வெளியான, ஐரோப்பாவையும் பிரேசிலையும் உள்ளடக்கிய ஆய்வில், செறிவு மிக்க கஞ்சாவைத் தினமும் பயன்படுத்தியவர்களுக்குத் தீவிர மனநோய் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. புகைக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் குடும்பத்தில் அந்நோய் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இதைத் தொடவே கூடாது. மறுபுறம், ஐ.க்யூ. எட்டுப் புள்ளி குறைந்துவிடும் என்று பலரும் காட்டுகிற 2012ஆம் ஆண்டு நியூசிலாந்து ஆய்வை நான் சான்றாக வைக்கமாட்டேன். இரட்டையர்களை ஒப்பிட்ட பிற்கால ஆய்வுகள், அந்தச் சரிவுக்குக் குடும்பச் சூழல் காரணமாக இருக்கலாம் என்று காட்டின. நாம் ஓரிடத்தில் மிகைப்படுத்தினால், பிள்ளைகள் நாம் சொல்கிற உண்மையையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள்.

ஓராண்டுக்குப் பிறகு அவனாகவே வந்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எதுக்குடா மனசு அடங்க மாட்டேங்குது?" அதற்கு அவன் சொன்ன பதில் அவனுக்குரியது, இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. மனநல மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போனோம். கஞ்சாவை விட்டதும் முதல் வாரம்தான் கடினமாக இருக்கும், ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டது பெரும் உதவியாக இருந்தது. விட்ட நான்காம் நாள் அவன் கதவை அறைந்து சாத்தியபோது, இது அவன் குணமில்லை, சில நாளில் தணிகிற எரிச்சல்தான் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

ஒன்பதாம் நாள் விடியும் முன்பே தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, கனவு வந்துச்சு" என்றான். கஞ்சா கனவு காணும் உறக்கத்தைக் குறைக்கும் என்பதும், விட்டதும் கனவுகள் வெள்ளமாய்த் திரும்பும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தாலும் நான் எதையும் விளக்கவில்லை. பள்ளிக்கூட மைதானம், வெயில், யாரோ தூக்கிப் போட்ட பந்து, அதைப் பிடிக்க ஓடிய ஓட்டம் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டே போனான். நடுவில் ஒருமுறைகூட, "என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்று கேட்கவில்லை.