அந்த வெள்ளையில் எதையும் வரையச் சொல்லாதீர்கள்

ரங்கூனில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஐந்து படங்களை ஒரு கடையில் விற்கக் கொடுத்திருந்தார். போன வாரம் ஐந்தையும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "பாதித் தாள் காலியாகக் கிடக்கிறது, ஆற்றுக்கு மேலே தங்க நிறத்தில் ஒரு பகோடா, அதான் புத்தர் கோபுரம், போட்டுக் கொடுங்கள், உடனே விற்கும்" என்றார்களாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

அண்ணன் யாரிடமும் ஓவியம் படித்ததில்லை. பகலில் முகல் தெரு பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். விடியற்காலையில் பன்சோடான் படகுத்துறைக்குப் போய்விடுவார். நீர்வண்ணம், கறுப்பு மை, மடியில் ஒரு பலகை.

அவர் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தாளை ஸ்பாஞ்சால் நனைத்துவிட்டுச் சும்மா இருப்பார். ஈரத்தின் பளபளப்பு அடங்குகிற நேரம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் தூரிகையை வைத்தால் வண்ணம் கண்டபடி ஓடிவிடும். பிந்தினால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடும். சரியாக அந்த நேரத்தில் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரே இழுப்பு. ஆற்றுக்கு எதிரே இருக்கும் தலா என்ற ஊரின் கரை வந்துவிடும். மழைக்காலத்தில் தாள் சீக்கிரம் காயாது, அந்த நேரம் கொஞ்சம் நீளும். அதனாலேயே அவருக்கு ஆடி மாதம் பிடிக்கும். அப்புறம், தாள் காய்ந்ததும் தானே சீவிய மூங்கில் பேனாவால் சம்பான் என்கிற சிறு படகின் மூக்கு, குறுக்காகப் போகும் இரண்டு துடுப்புகள். படகோட்டிக்கு முகம் கிடையாது.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாள்தான். ஒருமுறை மூடிவிட்டால் அந்த வெளிச்சம் திரும்பி வராது. அங்கே பகோடா போடச் சொல்வது பனியைத் துடைக்கச் சொல்வது. மார்கழியில் விடியற்காலை படகுத்துறையில் நின்று பாருங்கள், எதிர்க்கரை எவ்வளவு தெரிகிறதென்று.

1920களில் லண்டன் போய்ப் படித்து வந்த ஓவியர் ஊ பா ஞானை இந்த நாடு கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் படித்தவர் தாளில் காலி இடம் விட்டால் கலை, படிக்காதவர் விட்டால் அரைகுறையா? நம் ஆட்களும் இதையேதான் செய்கிறோம். என் அம்மாவே கேட்டார், "ஏன் தம்பி, இந்தப் பக்கம் இன்னும் வரையலையா?"

"அது ஆறும்மா," என்றார் அண்ணன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். அந்தப் படத்தை நான் வாங்கிவிட்டேன். கேட்ட விலையைக் குறைக்கவில்லை. மற்ற நான்கும் அவர் வீட்டில்தான் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், நானே கூட்டிப் போகிறேன்.