மனப்பாடம் செய்தது ஒரு குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை நம்ம குடியிருப்பில், ஆங்கில எழுத்து டைல்களைப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்க்கிற ஸ்கிராபிள் போட்டியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸாப் குழு சொல்லியிருக்கும், 'ஆன்ட்டி கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டாங்க' என்று. ஆமாம், போனேன். ஏன் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்தேன். வலப்பக்கம் ஒரு ஐ, கீழே ஒரு ஐ, இரண்டும் பலகையில் ஏற்கெனவே இருந்தவை. க்யூ-ஐ என்ற சொல் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. 62 புள்ளி. சீனர்கள் உடலில் ஓடும் உயிராற்றலைக் குறிக்கும் சொல் அது. அமெரிக்கப் போட்டிகளில்கூட 2006 முதல் செல்லும். நடுவர் கையடக்க அகராதியைப் புரட்டி, "இல்லையேம்மா" என்றார். டைலை எடுத்துவிட்டேன். அதுவரைக்கும் எனக்கு வருத்தமில்லை. எதிரே உட்கார்ந்திருந்த தம்பி சிரித்துக்கொண்டே கேட்டாரே, "லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணிட்டு வந்தா இங்கிலீஷ் தெரிஞ்சிடுமா ஆன்ட்டி?" என்று, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. சுற்றி இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

மனப்பாடம்தான் தம்பி. ஏழு வருஷ மனப்பாடம். மகனுக்குத் துணையாக ஆட ஆரம்பித்து, அவன் விட்ட பிறகும் நான் விடவில்லை. இரண்டெழுத்துச் சொற்கள் மட்டும் 120-க்கு மேல், எல்லாம் என் கையால் நோட்டில் எழுதியவை. யூ இல்லாமல் க்யூ வரும் சொற்களுக்குத் தனிப் பக்கம். க்யூ-ஏ-டி என்றால் ஏமன் நாட்டில் மெல்லும் இலை. க்யூ-ஏ-என்-ஏ-டி என்றால் ஈரானில் மலையடியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் நிலத்தடி வாய்க்கால். அரபியில் தொண்டையின் அடியில் பிறக்கும் ஒரு ஒலி உண்டு, அதை எழுத ஆங்கிலத்தில் க்யூவை எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் இந்தச் சொற்களில் பலவற்றுக்கு யூ தேவைப்படுவதில்லை. இதெல்லாம் அந்த நோட்டை எழுதும்போது தெரிந்துகொண்டதுதான். பட்டியல் படிக்கிறவளுக்கு அர்த்தம் தெரியாது என்று யார் முடிவு செய்தது?

சரி, அர்த்தம் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றார். அவருக்கு பிரெஞ்சு பேச வராது. அகராதியை உட்கார்ந்து படித்தார், அவ்வளவுதான். உலகமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் செய்தால் மேதைமை, நான் செய்தால் குருட்டு மனப்பாடமா?

'இப்பல்லாம் எழுத்தைத் தட்டினா ஆப்பே சொல்லிடுதே, இதுக்கு எதுக்கு நோட்டு' என்று நாளைக்கு ஒருவர் வருவார். ஆட்டம் முடிந்த பிறகு தட்டிப் பார்ப்பதில் தப்பே இல்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் அன்றைக்கு இரண்டு மேஜைகளில் மடியில் போனை வைத்து எழுத்தைத் தட்டித் தட்டிச் சொல் தேடினார்களே, அதை யாராவது கேட்டீர்களா? நான் பார்த்தேன். மடியில் வைத்திருந்தவர் கெட்டிக்காரர், தலையில் வைத்திருந்தவள் ஏமாற்றுக்காரி. என்ன நியாயம் இது?

எந்த அகராதி என்று முன்கூட்டியே கேட்டிருக்கலாமே என்பவர்களுக்கு: கேட்டிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன்.

என் அப்பா அச்சாபீஸில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டர். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. ஆனால் கேஸ் என்கிற ஆங்கில எழுத்துப் பெட்டியில் எந்த எழுத்துக்கு எந்த அறை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். சின்ன வயதில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, ஈயம் ஏறிக் கறுத்த விரலால் தொட்டுக் காட்டுவார். "இது 'இ', இருக்கிறதிலேயே பெரிய அறை, ஏன்னா அதுதான் அதிகமா தேவைப்படும். க்யூவுக்கும் இசட்டுக்கும் இத்துனூண்டு அறை போதும்." ஸ்கிராபிளைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எழுத்துகளை எண்ணித்தான் புள்ளி போட்டார். அதனால்தான் 'இ'-க்கு ஒரு புள்ளி, க்யூவுக்கும் இசட்டுக்கும் 10. இதை முதல்தடவை படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா விரல் வைத்துக் காட்டிய கணக்கு அது.

தமிழ் மீடியத்தில் படித்தவள் 62 புள்ளி வைத்தால் சந்தேகம். அதே சொல்லை கான்வென்ட்டில் படித்தவர் வைத்திருந்தால், "ஓ, இப்படி ஒரு சொல் இருக்கா" என்று போனில் தேடிப் பார்த்திருப்பீர்கள். நான் வைத்ததை யாரும் போனில் தேடிக்கூடப் பார்க்கவில்லை. கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த மொழிக்கே நம் சொல் வேண்டியிருக்கிறது. எது ஆங்கிலம், எது இல்லை என்று என்னிடம் சொல்ல அந்தத் தம்பி யார்?

விளையாட்டுதானே, விடுங்கள் என்கிறீர்கள். விளையாட்டு என்றுதான் நானும் வந்தேன்.

புள்ளியைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த போட்டிக்கு எந்த அகராதி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், போன்களை வாசலில் ஒரு கூடையில் வாங்கி வையுங்கள். நான் வருகிறேன். அந்தத் தம்பிக்கு எதிரிலேயே உட்கார வையுங்கள்.