நூறு ரூபாய் நோட்டுக்குத் தண்ணீர் கிடையாதாம்

நேற்று ராத்திரி அம்மாவின் கையிலிருந்த அந்தப் பட்டையைக் கத்தரிக்கோல் வைத்து வெட்டித்தான் எடுத்தேன். ஒரு தடவை இறுக்கிவிட்டால் கழற்றவே முடியாத பிளாஸ்டிக் பூட்டு. அறுபத்தெட்டு வயதுக்காரியின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது.

சென்னை ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஒரு மைதானத்தில் இசை நிகழ்ச்சி. டிக்கெட் விலையைப் பற்றி நான் பேச வரவில்லை, அது நானே விரும்பிக் கொடுத்த காசு. வாசலில் பையைச் சோதித்தவர்கள் முதல் வேலையாகத் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி டிரம்மில் போட்டார்கள். "சுகர் மாத்திரை போடணும்ப்பா, அது மட்டும் இருக்கட்டுமே" என்று அம்மா கேட்டார். "உள்ள எல்லாம் கிடைக்கும் பாட்டி" என்றார்கள். கையில் அந்தப் பட்டையை, அவர்கள் பேச்சில் 'பேண்டு', மாட்டி உள்ளே அனுப்பினார்கள்.

எட்டு மணிக்கு அம்மாவுக்கு நா வறண்டுவிட்டது. ஸ்டாலுக்குப் போனோம். ஐஸ் பெட்டியில் பாட்டில்கள் மிதக்கின்றன, கை நீட்டினால் எட்டும் தூரம். அரை லிட்டர் அறுபது ரூபாய். பாட்டில் மேலேயே பத்து ரூபாய் என்று அச்சடித்திருக்கிறது. சரி, தாகத்துக்கு விலை பார்க்க முடியாது. அம்மா சுருக்குப் பையை அவிழ்த்து, நான்காக மடித்த நூறு ரூபாய் நோட்டை எடுத்து, விரலால் நீவி நீட்டினார். அந்தப் பையன் நோட்டைத் தொடக்கூட இல்லை.

"கேஷ் கிடையாது பாட்டி. பேண்டுல காசு ஏத்திட்டு வாங்க."

"தம்பி, நான் ஜிபே பண்றேன்" என்றேன்.

"ஜிபேவும் இல்லண்ணா. பேண்டு மட்டும்தான்."

பேண்டில் காசு ஏற்றும் கவுன்ட்டர் மைதானத்தின் எதிர் மூலையில். அம்மாவை ஒரு தடுப்புக் கம்பி ஓரமாக நிற்க வைத்துவிட்டு ஓடினேன். மூன்று மேசைகளில் ஒன்றில் ஆளே இல்லை. மற்ற இரண்டுக்கும் முன்னால் எப்படியும் நாற்பது பேர். இருபது நிமிடம் நின்று முன்னால் போனால், குறைந்தது ஐநூறு ரூபாய் ஏற்ற வேண்டுமாம்.

"எனக்கு ஒரு தண்ணி பாட்டில்தான்ப்பா வேணும். நூறு ஏத்து."

"சிஸ்டம் எடுக்காதுண்ணா."

சரி என்று ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். அங்கேயும் கேஷ் வாங்க மாட்டார்களாம்! பணத்தை ஏற்றுகிற இடத்தில் பணம் வாங்க மாட்டார்கள். ஸ்கேன் பண்ணச் சொன்னான். பண்ணினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பின் நம்பரைப் போட்டதும் என் கணக்கில் ஐநூறு ரூபாய் போய்விட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. அவனுடைய மெஷினில் ஒன்றுமே வரவில்லை. செல்போனைக் காட்டினேன். "அது எங்களுக்கு வரலண்ணா. ரெண்டு மூணு நாள்ல உங்களுக்கே ரிட்டர்ன் ஆயிடும். மறுபடி போடுங்க, இல்ல லைன்ல பின்னாடி போங்க." பின்னால் நின்றவர்கள் "சார், சீக்கிரம் சார்" என்று கத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் வீட்டு மனிதர்கள் எங்கோ தாகத்தோடு நின்றிருப்பார்கள். கடைசியில் டெபிட் கார்டைச் செருகி, மூன்றாவது முயற்சியில் ஏறியது.

அந்த வரிசையில் நான் நிற்கும்போதுதான் அம்மா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பாட்டைப் பாடினார்கள். ஸ்பீக்கரின் பின்பக்கம் நின்றிருந்ததால் எனக்குத் தும் தும் என்று அடி மட்டும்தான் கேட்டது. அம்மா தடுப்புக் கம்பியோரம் தனியாக நின்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் பாட்டிலில் மிச்சமிருந்த இரண்டு வாய்த் தண்ணீரைக் கொடுத்ததால்தான் மாத்திரையே போட்டிருக்கிறார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். நான் தண்ணீரோடு திரும்பியபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

இந்தப் பட்டை ஏன் வந்தது என்று எனக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே மைதானத்தில் நின்று வீடியோ எடுத்து அனுப்பினால் பக்கத்து டவர் திணறும், யூபிஐ நிற்கும். பட்டைக்குள் இருக்கும் சிப்பைத் தட்டினால் நெட்வொர்க் இல்லாமலேயே கழித்துக்கொள்ளும், வரிசை வேகமாக நகரும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பட்டையில் முதலில் காசு ஏற்ற அதே நெட்வொர்க்தானே வேண்டும்? செத்துப்போன நெட்வொர்க்குக்கு மாற்று என்று ஒன்றைக் கொண்டுவந்து, அதன் வாசலில் அதே நெட்வொர்க்கை உட்கார வைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு மேசையில் நோட்டு வாங்கியிருந்தால் என் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

நான் பழைய பஞ்சாங்கம் இல்லை. 2016-ல் யூபிஐ வந்த புதிதிலேயே பழகியவன், காய்கறிக்காரரிடமும் பூக்கார அக்காவிடமும் ஸ்கேன் பண்ணித்தான் கொடுக்கிறேன். மெரினாவில் சுண்டல் விற்கிற பையனைப் பாருங்கள். தூக்கில் க்யூஆர் அட்டை ஒட்டியிருப்பான். ஸ்கேன் ஆகவில்லையா, நோட்டை வாங்கிக்கொண்டு சில்லறை கொடுப்பான். சில்லறை இல்லையென்றால் பக்கத்துப் பஜ்ஜிக் கடையில் மாற்றிக்கொண்டு வருவான். மார்கழியில் சபா கேண்டீனில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் காசைக் கொடுத்து டோக்கனை வாங்கினால் இலையில் பொங்கல் விழுகிறது. இவர்களுக்கெல்லாம் முடிவது, கோடிக்கணக்கில் மேடை போடுகிறவர்களுக்கு ஏன் முடியவில்லை?

ரிசர்வ் வங்கிச் சட்டம், 1934, பிரிவு 26. ரூபாய் நோட்டு இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. நோட்டின் பின்பக்க மொழிப் பட்டியில் தமிழிலும் "நூறு ரூபாய்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அம்மாவின் கையில் இருந்தது அந்த நோட்டுதான். அது ஒரு மைதானத்துக்குள் மட்டும் ஏன் செல்லாமல் போக வேண்டும்? நியூயார்க் நகரத்திலேயே கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று 2020-ல் சட்டம் போட்டுவிட்டார்கள்.

சிக்கிய அந்த ஐநூறு ரூபாயைப் பற்றிக்கூட எனக்குக் கவலை இல்லை. கடைக்காரருக்குப் போட்ட யூபிஐ பணம் நடுவில் நின்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் தர வேண்டும் என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. வங்கியைக் கேட்கலாம், சண்டை போடலாம். பட்டையில் மிச்சமிருக்கும் நானூற்று நாற்பது ரூபாயை யாரிடம் கேட்பது? திரும்பக் கேட்க மறுநாள் ஒரு லிங்க் வருமாம், ஏழு நாள்தான் திறந்திருக்குமாம், ஐம்பது ரூபாய் பிடித்துக்கொள்வார்களாம். பட்டையின் பின்பக்க எண்ணைப் போட வேண்டும். டியூப் லைட்டுக்கு அடியில் வைத்து, செல்போன் டார்ச்சும் அடித்துப் பார்த்தேன். பத்து இலக்கத்தில் மூன்று இலக்கம் அம்மாவின் வியர்வையில் அழிந்திருந்தது. பரிசு அட்டை வியாபாரத்தில் இப்படிச் செலவாகாமல் தங்கிப்போகும் பணத்துக்கு 'பிரேக்கேஜ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் கைகளில் எத்தனை நானூறு தங்கியிருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஸ்டால் போட்டவர்களும் அழுகிறார்கள். வெளியே வரும்போது ஒரு பிரியாணிக்கார அக்காவிடம் கேட்டேன். "எங்க காசே எங்களுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தம்பி வரும், கமிஷன் போக. நாளைக்குக் கறிக்கடைக்கு நான் எதைக் கொடுப்பேன்?" என்றார். பதில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

அதோடு விட்டார்களா? பதினொன்றரை மணிக்குக் காரை எடுக்கப் போனால் பார்க்கிங் வாசலில் கையில் ரசீதுக் கட்டோடு ஒரு பையன். அதே நிகழ்ச்சிக்காரர்கள் போட்ட பார்க்கிங்.

"எண்பது ரூபா சார்."

செல்போனை எடுத்தேன்.

"ஸ்கேன் எல்லாம் இல்ல சார். கேஷ் மட்டும்தான்."

நான் கத்துவதற்குள் அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சுருக்குப் பையை அவிழ்த்து, நான்காக மடித்த அதே நோட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். பையன் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இருபது ரூபாய் சில்லறை இல்லை என்று கையை விரித்தான். அம்மா திருவான்மியூர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் எனக்கும் தொற்றிக்கொண்டது.

லிங்க் இன்னும் வரவில்லை.