கதிரையைத் துடைத்துவிட்டு இருந்தவர்

2024 நவம்பர் பொதுத் தேர்தலுக்கு முதல், ஒரு பின்னேரம் வேட்பாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா விறாந்தையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டா. அவர் சேட் பொக்கற்றுக்குள் இருந்து லேஞ்சியை எடுத்து, கதிரையை ஒருக்காத் துடைத்துவிட்டு இருந்தார். நல்லாத்தான் கதைத்தார். குளம் திருத்துவது, காணிப் பிரச்சினை, யானை வேலி, பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பு, ஒன்றையும் விடவில்லை. கால்மணித்தியாலம் இருந்திருப்பார்.

நான் வேலையால் வந்து, "என்னவாம் அம்மா?" என்று கேட்டேன்.

"என்னவோ சொன்னவர். எங்கட கதிரையைத் துடைச்சுப்போட்டெல்லோ இருந்தவர்."

றோட்டோரத்து வீடு அம்மா, கிரவல் புழுதி படிந்திருக்கும், வெள்ளை வேட்டி வேறு, அதுதான் துடைத்திருப்பார் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: "தூசி எண்டால் ஒரு துணி தாங்கோ எண்டு கேட்டிருக்கலாம். நானே துடைச்சுக் குடுத்திருப்பன்."

அந்தக் கால்மணித்தியாலப் பேச்சில் ஒரு சொல்லும் அம்மாவிடம் மிஞ்சவில்லை. லேஞ்சி மட்டும்தான் மிஞ்சியது. அன்றிலிருந்து இதை எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நான் வவுனியாவில் ஒரு அச்சகத்தில் டிசைன் வேலை செய்கிறேன். 2013 மாகாண சபைத் தேர்தல்தான் நான் நோட்டீஸ் செய்த முதல் தேர்தல். வீடு, சைக்கிள், யானை, டெலிபோன், சங்கு, திசைகாட்டி என்று எல்லாச் சின்னமும் என் கணினிக்குள்ளால் போயிருக்கிறது. யார் வந்தாலும் செய்து கொடுப்போம், அது தொழில். ஆனபடியால் இதில் கட்சி தேடவேண்டாம்.

எங்கள் நாட்டுச் சட்டப்படி வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து பொது இடத்தில் சுவரொட்டி, பனர், கொடி, வேட்பாளரின் படம் ஒன்றும் வைக்கக்கூடாது. ஒட்டினால் பொலிஸ் கிழிக்கும். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டம் வந்தபிறகு காசுக்கும் கட்டுப்பாடு. அதனால் எல்லாம் இரண்டு இடத்துக்குள் வந்து ஒடுங்கிவிட்டது. ஒன்று கையில் கொடுக்கும் நோட்டீஸ், மற்றது கைபேசித் திரை. பொதுத் தேர்தலில் முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு அந்தக் கட்சியில் மூன்று பேர்வரைக்கும் அவர்களுடைய இலக்கத்துக்கு விருப்பு வாக்கு. நோட்டீஸில் சின்னம் பெரிதாக வேண்டும், இலக்கம் அதைவிடப் பெரிதாக வேண்டும், முகம் எல்லாத்தையும்விடப் பெரிதாக வேண்டும். மூன்றையும் போட்டு முடிய, சொல்ல வந்த விசயத்துக்கு ஒரு தீப்பெட்டி அளவு இடம்தான் மிஞ்சும். அதற்குள் போடும் எழுத்து வட்ஸ்அப்பில் வரும், பிழை பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். படத்துக்கு மட்டும் இரண்டு மணித்தியாலம் என் கதிரைக்குப் பின்னால் நின்று கண் வெட்டாமல் பார்ப்பார்கள்.

"தம்பி, கொஞ்சம் வெள்ளையாக்கும்." இதைச் சொல்லாத வேட்பாளர் மிகக் குறைவு. ஒருவர் வயல் செய்கிறவர், கை கழுத்தெல்லாம் வெயில் காய்ந்த நிறம். பார்க்க அவ்வளவு நல்லாயிருந்தது. அந்த நிறத்தை எடுத்துவிடச் சொன்னார். நான் வேண்டாம் அண்ணை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நோட்டீஸ் வந்தபோது கொழும்பில் பாங்கில் வேலை செய்கிற ஆள் மாதிரி இருந்தார். அவருடைய ஊர்ச் சனமே இது ஆர் என்று கேட்டதாம். எனக்கு அது இன்றைக்கும் மனவருத்தம். எங்கள் சனத்தின் நிறத்தில் இருந்த ஒரு முகத்தை நான் என் கையாலேயே அழித்தேன்.

முகத்தைப் பார்த்து வாக்குப் போடுவது நாங்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடொரோவ் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. செனற் தேர்தலில் நின்ற இரண்டு பேரின் படத்தைக் காட்டி, யார் திறமைசாலி போல் தெரிகிறது என்று கேட்டார்கள். படத்தில் இருப்பது யாரென்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கைகாட்டிய ஆள்தான் நூற்றுக்கு எழுபது தடவையளவில் தேர்தலிலும் வென்றிருந்தார். 2009இல் சுவிஸில் சின்னப் பிள்ளைகளிடம் பிரெஞ்சு வேட்பாளர்களின் படங்களைக் காட்டி, உங்கள் கப்பலுக்கு யாரைக் கப்டனாக வைப்பீர்கள் என்று கேட்டார்கள். அங்கும் ஏறத்தாழ அதே கணக்கு. பிள்ளையும் வளர்ந்தவனும் முகத்தை ஒரே மாதிரித்தான் வாசிக்கிறார்கள்.

ஆனால் வன்னியில் அந்தக் கணக்கு முகத்தோடு முடிவதில்லை. ஆள் படலைக்குள் வரும்போதே எங்கள் சனம் பார்க்கத் தொடங்கிவிடும். வாகனத்தை றோட்டில் விட்டுவிட்டு நடந்து வருகிறாரா, வளவுக்குள் கொண்டுவந்து கோழிக்குஞ்சுகளைக் கலைக்கிறாரா? வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறாரா? கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிறாரா, உதட்டில் முட்டவைத்துவிட்டு வைக்கிறாரா? வீட்டுக்காரி கதைக்கும்போது கைபேசியைப் பார்க்கிறாரா? அவருக்கு முதலே கமராவோடு இரண்டு பெடியள் உள்ளுக்கு வருகிறார்களா? எங்கள் அயலில் ஒரு அக்கா சொன்னா, வேட்பாளர் அரைமணித்தியாலம் அவவின் கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தவராம், ஆனால் றோட்டில் வாகனத்தின் இஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததாம். "போறதுக்கெண்டுதானே வந்தவர்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். வாயால் கேட்கவும் சொல்லவும் முடியாத காலம் எங்களுக்கு நீண்ட காலம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கும் ஆமிக்காரன் பேசிய மொழி அம்மாவுக்குத் தெரியாது. அவனுடைய தோள், கண், கை போகும் திசை, இதை வைத்துத்தான் இன்றைக்கு விடுவானா விடமாட்டானா என்று அறிந்தா. 2009இல் போர் முடியச் சனத்தை அடைத்துவைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள்ளும் அதேதான். பெயர் கூப்பிடுகிறவனின் முகத்தைப் பார்த்துத்தான் நெஞ்சு இடித்ததும் ஆறியதும். அப்படிப் பழகிய கண்ணுக்கு முன்னால் கமராவுக்குச் சிரித்துக்கொண்டு வந்து நின்றால், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிற சிரிப்பு என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும்.

சின்னத்தையும் சனம் தன் வாழ்க்கையை வைத்துத்தான் வாசிக்கிறது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்குப் போட வேண்டும் என்று வேட்பாளருக்கு ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறப் பெட்டிக்குள் வாக்குப் போடவைத்தார்கள். நிறம் போய்ச் சின்னம் வந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2001இல் உதயசூரியனில் கேட்டது, 2004இல் வீட்டுக்கு வந்தது. 2010 ஏப்ரலில் பொதுத் தேர்தல் நடந்தபோது எங்கள் சனத்தில் பெருந்தொகையானவர்கள் இன்னும் முகாமில், தறப்பாளுக்குக் கீழே. அந்த வாக்குச்சீட்டில் ஒரு வீட்டின் படம். அதை அம்மா கட்சியாகப் பார்த்தாவா, ஓடு போட்ட தன் வீடாகப் பார்த்தாவா என்று நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. 2024இலும் செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு இருந்த சங்கு, நவம்பரில் ஒரு கூட்டணியின் சின்னமாக வந்து நின்றது. பெயர் மாறினாலும் கண்ணில் பதிந்த படம் மாறாது என்று கட்சிகளுக்கு நல்லாத் தெரியும்.

நிறமும் அப்படித்தான். சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அடியில் ஒரு கார்த்திகைப்பூவைப் போட்டால், வாயால் சொல்ல முடியாத ஒன்றை நோட்டீஸ் தானாகச் சொல்லும். அந்த நிறத்துக்குப் பின்னால் பிள்ளையைக் கொடுத்த வீடுகள் இருக்கின்றன. வேறொரு ஊரில் 1990இல் புலிகளால் துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பத்துக்கு அதே நிறம் வேறொன்றைச் சொல்லும். மன்னாருக்குப் போகும் நோட்டீஸில் அந்த நிறம் மறைந்து மடு மாதா வருவா, வட்டாப்பளைப் பக்கம் போவதில் கண்ணகி அம்மன் வருவா. ஒரே வேட்பாளர், ஒரே இலக்கம், மூன்று தாள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு ஊருக்குக் காட்டும் படத்தை மற்ற ஊருக்கும் காட்டத் துணிவு வேண்டும்.

துணிவு என்றால் எனக்குத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வாதான் ஞாபகத்துக்கு வருவார். 1975 பெப்ரவரியில் காங்கேசன்துறை இடைத்தேர்தலில் அவர் நின்றபோது பார்க்கின்சன் நோயால் உடம்பு தளர்ந்து, குரலும் மெலிந்திருந்தது. மேடையில் முழங்கக்கூடிய நிலைமையில் அவர் இல்லை. அப்படியிருந்தும் பெரிய வெற்றி. அந்த மனிதர் மேடையில் வந்து இருந்ததே சனத்துக்குக் காணும். அதே காலத்தில் மற்ற மேடைகளில் இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களுக்கு இரத்தப் பொட்டு வைத்தார்கள். அதுவும் சொல்லில்லாத பேச்சுத்தான். அந்தப் பேச்சு எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று வன்னியில் இருப்பவனுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி, நெஞ்சில் கிடக்கிற விசயத்துக்கு வருகிறேன்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு என்று அது விரிந்தது. என் பெரியம்மாவும் போவா. 2009இல் காணாமல்போன மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பா. அவர்கள் கோசம் போடாத நேரத்திலும் அந்தப் படம் கதைத்துக்கொண்டுதான் இருக்கும். எங்கள் மண்ணில் சொல்லில்லாமல் ஒரு அரசியலை நடத்திக்காட்டியவர்கள் இந்தத் தாய்மார்தான். பெரியம்மா கையைச் சற்று உயர்த்திப் பிடித்தாலே, கமராவைத் திருப்பிக்கொண்டு நிற்பவனும் ஒருக்காக் கண்ணைத் தாழ்த்துவான்.

ஒரு தேர்தல் நேரம், ஒரு கட்சிப் பெடியள் பென் டிரைவில் படங்கள் கொண்டுவந்தார்கள். வேட்பாளர் தாய்மாரோடு நிற்கும் படம். பெரிதாக்கிப் பார்த்தால் பக்கத்தில் பெரியம்மா. அவர் அவவின் தோளில் கை வைத்திருக்கிறார், முகம் கமராப் பக்கம். நோட்டீஸின் முன்பக்கத்துக்கு அதுதான் வேண்டும் என்றார்கள். அதில் ஒரு பெடியன் திரையைக் காட்டிக் கேட்டான்: "அண்ணை, அம்மான்ர கையில இருக்கிற படத்தை எடுத்துப்போட்டு, அதில எங்கட சின்னத்தைப் போடேலுமோ?"

அவன் கெட்டவன் இல்லை. இருபத்திரண்டு வயது இருக்கும். அவனுக்கு அது ஒரு வெற்று இடம், ஒரு தாள் அளவு இடம். நான் மாட்டேன் என்று எழும்பிவிட்டேன். எங்கள் முதலாளியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் வேறு இடத்தில் செய்வித்தார்கள்.

இரண்டு கிழமையால் அந்த நோட்டீஸ் பெரியம்மாவின் வீட்டுக்கே வந்தது. அவவின் கையில் சின்னம். பின்னேரம் எனக்குப் போன் எடுத்தா. கத்தவில்லை, அழவில்லை.

"எங்க அப்பன் என்ர பிள்ளையை வைச்சிட்டாங்கள்?"

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

இதைச் செய்தவர்களிடம் கேட்டால், "நாங்கள் அவையளின்ர பக்கம்தானே" என்பார்கள். பக்கத்தில் நிற்பவன் கேட்டுவிட்டுத்தான் தொடுவான். வட மாகாண சபைக்கு 2013இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு இன்னொன்று நடக்கவில்லை. நடக்கும் நாளில் திரும்பவும் எல்லோரும் படலைக்கு வருவீர்கள். அந்த நேரத்துக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். கமராப் பெடியளை றோட்டில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். தாய்மாரின் முகம் நோட்டீஸுக்கு வேண்டும் என்றால் அந்தத் தாயிடமே கேளுங்கள், இல்லை என்றால் விடுங்கள். அச்சகங்களில் வேலை செய்கிற தம்பிமார், தங்கச்சிமார், உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். படத்தில் இருக்கிற ஆளுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு ஓடர் போகலாம். எனக்கும் போனது, சம்பளத்தில் ஒன்றும் குறையவில்லை.

பெரியம்மா பிடிக்கும் படம் வெயிலில் நிறம் போய்விடும். முதலில் மஞ்சள் விழும், பிறகு முகம் வெளிறும். வருடத்துக்கு ஒருக்கா நான்தான் புதிதாக அடித்து லமினேற் செய்து கொடுக்கிறேன். அண்ணாவுக்கு அதில் பத்தொன்பது வயது. நான் நிறத்தில் கை வைப்பதில்லை, இருந்த கறுப்பு அப்படியே இருக்கும். போன மாதமும் கடைக்கு வந்தா. சூடு ஆறாத படத்தைக் கையில் வாங்கி, சீலைத் தலைப்பால் ஒருக்காத் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸுக்குப் போனா.