சாலைப் பதிவு வேறு, பந்தயப் பரிசோதனை வேறு

"சாலையில் ஓட்டப் பதிவு வாங்கிய கிட் கார் (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டும் கார்) என்றால் அப்படியே எண்டியூரன்ஸ் பந்தயத்தில் (பல மணி நேரம் ஓடும் பந்தயம்) இறக்கலாம், ரோல் பார் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் உலோக வளைவு) இருந்தால் போதும்" என்று இங்கே சொல்லப்பட்டிருக்கிறது. இதை நம்பி யாரும் களம் இறங்க வேண்டாம்.

பதிவு அதிகாரி பார்ப்பது விளக்கு, புகை, பிரேக் போன்றவற்றை. பந்தயப் பரிசோதகர் பார்ப்பது விபத்துக்குப் பிறகு ஓட்டுநர் உயிரோடு வெளியே வருவாரா என்பதை. இருக்கை வார்ப்பட்டைக்குக்கூடக் காலாவதி உண்டு: சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் 8853-2016 தரத்துக்கு ஐந்து ஆண்டுகள். பட்டை புதிதாகத் தெரிந்தாலும் லேபிளில் ஆண்டு தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட. மின் துண்டிப்பு சுவிட்சில்தான் வீட்டில் கட்டுபவர்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். பேட்டரியை மட்டும் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கலாம். சுவிட்சைத் திருப்பியதும் எஞ்சினும் நிற்க வேண்டும். ஓடும் எஞ்சினில் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

பரிசோதனையில் தேறினாலும் பல மணி நேர ஓட்டம் வேறு கணக்கு. பிடிமானம் மிகுந்த டயரில் நீண்ட வளைவில் திரும்பும்போது சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) உள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் காற்றை இழுக்கும், பேரிங் போய்விடும். தடுப்புத் தகடுள்ள சம்ப் இல்லாமல் சாலை எஞ்சினை நாள் முழுக்க விரட்டாதீர்கள். பிரேக் திரவத்தையும் புதிதாக மாற்றுங்கள்: டாட் 4 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155 மட்டுமே.

விதிகள் போட்டிக்குப் போட்டி மாறும். ஓட்டுநரைச் சுற்றி அமைக்கும் பாதுகாப்புக் கூண்டை வெல்டிங் செய்வதற்கு முன்பே வரைபடத்தை அமைப்பாளர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.