சருகை ஏன் கொளுத்துகிறீர்கள்?

மாசி கடைசியிலிருந்து எங்கள் பக்கத்துப் பூங்காவில் விடிகாலை நடக்கவே பிடிக்கவில்லை. எல்லாம் சருகைக் கூட்டிக் கொளுத்தும் புகை. மதுரையில் வெயில் ஏறுவதற்குள் உடம்புக்கு இதமாக இருப்பதே அந்த ஒரு மணி நேரம்தான். பங்குனி பிறந்துவிட்டால் எட்டு மணிக்கே முதுகு சுடும். அந்த நேரம் பார்த்துத்தானா கொளுத்த வேண்டும்? விடிகாலைக் குளிரில் புகை மேலே போகாமல் இடுப்பளவில் தேங்கி நிற்கிறது.

இத்தனைக்கும் இப்போதுதான் பூங்கா அவ்வளவு அழகு. புங்கன் பழைய இலையை உதிர்த்துவிட்டு இளம்பச்சையில் மினுமினுக்கிறது. அரசங்கொழுந்து செம்பு நிறம். குயில் விடாமல் கூவுகிறது.

போன வாரம் சுவரோரச் சருகில் ஓர் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியது போலக் கருப்புப் பட்டை. அலகால் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தை நம் பக்கம் கழித்துவிட்டு, கோடையில் வடக்கே குஞ்சு பொரிக்கப் போகும் பறவை. கிளம்பும் வரை அதற்குச் சாப்பாடே அந்தச் சருகில்தான். மறுநாள் அந்த இடம் சாம்பல்!

கேட்டால், "பாம்பு வரும் சார்" என்கிறார்கள். சரி, நடைபாதையைக் கூட்டுங்கள். மரத்தடியில் கிடப்பதை விட்டுவிடலாமே? மண்ணாவது ஈரம் காக்கும். அப்புறம், குப்பையை எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. மூலையில் ஒரு தொட்டி கட்டிப் போட்டு வைத்தால் மட்கி உரமாகிவிடும். அதற்கு என்ன தடை?