பத்து வருட அனுபவத்துக்கு 8.25 டாலர்

"சம்பளம் போதவில்லை என்றால் வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே" என்று சுலபமாகச் சொல்பவர்களுக்கு, 2013 அக்டோபரில் சிகாகோவில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மெக்டொனால்ட்ஸின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் ஜெஃப் ஸ்ட்ராட்டன் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். மெக்டொனால்ட்ஸில் பத்து வருடமாக வேலை பார்த்த பெண் ஒருவர் எழுந்து, இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடவே திண்டாடுகிறேன், இன்னும் மணிக்கு 8.25 டாலர்தானா, இது நியாயமா என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். தலைவர் சொன்ன பதில்: நான் இங்கே நாற்பது வருடமாக இருக்கிறேன். கேட்ட கேள்வி என்ன, சொன்ன பதில் என்ன!

அந்த 8.25 டாலர் அப்போது சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. அதாவது பத்து வருட அனுபவத்துக்கு ஒரு சென்ட் கூடக் கூடுதல் இல்லை. அதே மாதம் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. துரித உணவுக் கடைகளில் வேலை செய்பவர்களின் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு அரசு உதவியைப் பெறுகின்றன, அதற்கு ஆண்டுக்குச் சுமார் 700 கோடி டாலர் செலவு என்றது. லாபம் கம்பெனிக்கு, மிச்சக் கூலி வரி கட்டுகிறவர் தலையில். இதைத்தான் சிலர் சந்தையின் தீர்ப்பு என்கிறார்கள்.

சரி, கேட்டதால் என்ன கிடைத்தது? 2012 நவம்பரில் நியூயார்க்கில் வேலைநிறுத்தம் செய்த துரித உணவுக் கடை ஊழியர்கள் மணிக்கு 15 டாலர் கேட்டபோது பலரும் சிரித்தார்கள். 2025 ஜனவரி முதல் இல்லினாயில் அதுவே சட்டம். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மட்டும் 2009லிருந்து 7.25 டாலரை விட்டு நகரவே இல்லை.